இரண்டு மேசைகளுக்கு நடுவே ஜெனிபர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் சிறப்பு ஆசிரியர்களுக்கு,

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். ஒரு குழந்தைக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிற மாதிரி தெரிகிறது, வாசிப்புச் சிக்கலான டிஸ்லெக்சியாவும் இருக்கிற மாதிரி தெரிகிறது, படிவத்தில் எதைப் போடட்டும் என்று கேட்டாள். கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் அவள் மேல் இல்லை. இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் நானே ஒரு பதிலை எழுதிக்கொண்ட நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அவளிடம் மட்டும் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உத்திரமேரூர் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் பள்ளி பள்ளியாக ஸ்கூட்டியில் சுற்றியவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். படிவம் எப்படி நிரப்புவது, பதிவேடு எப்படி எழுதுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், மத்தியானச் சாப்பாடும் போடுகிறார்கள். நான் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயர் ஜெனிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மானாம்பதிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா செல்வராணி வயல்வேலைக்குப் போகிறவள், அப்பா கல் உடைக்கப் போகிறவர். ஜெனிபரை நான் முதலில் பார்த்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. பார்த்தபோது என்றா சொன்னேன்? பார்க்க விட்டால்தானே. வகுப்பில் ஜன்னல் கம்பியில் ஏறி நிற்பாள். டீச்சர் கூப்பிட்டால் இறங்குவாள், இறங்கின வேகத்தில் வெளியே ஓடிவிடுவாள். அடுத்தவர் பென்சில், அடுத்தவர் டிபன் பாக்ஸ், அடுத்தவர் சடை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒரே பேஜாராக இருக்கிறது, எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று வகுப்பு டீச்சர் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த வருடம் மருத்துவ முகாம் வந்தது. முகாம் நடக்கும் விதம் இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் மேசை போட்டு டாக்டர்கள் உட்காருவார்கள். கண்ணுக்கு ஒரு மேசை, காதுக்கு ஒரு மேசை, கை காலுக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, படிப்புச் சோதனைக்கு ஒன்று. மேசைக்கு ஒரு வரிசை. மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதனால் எந்தக் குழந்தை எந்த வரிசை என்று நாம் முதல் நாளே சீட்டு எழுதி வைத்துவிடுவோம். ஒரு குழந்தைக்கு ஒரு சீட்டு, ஒரு வரிசை. அந்தச் சீட்டு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நூறு குழந்தைகள் வந்தாலும் பன்னிரண்டரைக்கு ஹாலைக் காலி செய்து காட்டுவேன். மேலதிகாரிகள் என்னைப் பாராட்டுவார்கள், எனக்கும் தலைகால் புரியாது.

ஜெனிபருக்கு நான் எழுதியது மனநல மேசைக்கு. அதில் தப்பில்லை. டாக்டர் நன்றாகவே பார்த்தார். ஏ.டி.எச்.டி. என்று சொன்னார். அதாவது, நினைத்தால் உட்கார முடிகிற குழந்தை அடம்பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள், இவளால் உட்கார முடியவில்லை, மனசும் உடம்பும் வைத்த இடத்தில் நிற்கவில்லை என்று அம்மாவுக்கு விளக்கினார். நான்கு பேருக்கு முன்னால் இவ்வளவு பொறுமையாகப் பேசும் டாக்டர் கிடைத்தாரே என்று எனக்குச் சந்தோஷம். காலையில் ஒரு மாத்திரை. கொஞ்ச நாளில் ஜெனிபர் உட்கார ஆரம்பித்தாள்.

இங்கேதான் நான் விழுந்தேன். குழந்தை உட்கார்ந்துவிட்டது. வகுப்பு டீச்சருக்கு நிம்மதி, அம்மாவுக்கு நிம்மதி, எனக்குப் பெருமை. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவள் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். முத்து முத்தாக எழுதியிருப்பாள். என் பதிவேட்டிலும் அவளுடைய மருத்துவ அட்டையிலும் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஐந்து வருடம் அப்படி எழுதினேன். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, புத்தகத்தை அவள் கையில் கொடுத்து இதைப் படி கண்ணு என்று நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நானே பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். யாரும் புகார் சொல்லவில்லை, அதுதான் காரணம். நம் வேலையில் புகார் வந்தால்தான் வண்டியைக் கிளப்புகிறோம். ஓடுகிற குழந்தையைப் பற்றி எல்லோரும் புகார் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்தில் கரும்பலகையைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருக்கிற குழந்தையைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? ஆமாம், வரைந்துகொண்டிருந்தாள். எழுத்தை அவள் எழுதவில்லை, கோலம் மாதிரி பார்த்துப் போட்டாள். மாத்திரை அவளை உட்கார வைத்தது. படிக்க வைக்கிற மாத்திரை எதுவும் இன்னும் வரவில்லை. இதைப் பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜெனிபர் ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வேறு வேலையாக அங்கே காலையிலேயே போய்விட்டேன். வழிபாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி வந்து நாளிதழைப் பார்த்துச் செய்தி வாசிப்பது அங்கே வழக்கம். வந்து நின்றது ஜெனிபர். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தாள். ஏரிக்குத் தண்ணீர் திறந்தது, மழை வரும் என்று சொன்னது, மாவட்டச் செய்தி, உலகச் செய்தி. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, தடுமாறவில்லை. இந்தப் பள்ளியில் இவளை மாதிரி செய்தி வாசிக்க ஆளே இல்லை என்று தலைமை ஆசிரியை என் காதில் சொன்னார். என் மார்பு விரிந்தது. நம் குழந்தை ஆயிற்றே.

கூட்டம் முடிந்து பேப்பரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன். அவள் விரித்துப் பிடித்திருந்தது விளையாட்டுப் பக்கம். ஏரியும் இல்லை, மழையும் இல்லை. ஒரு கிரிக்கெட் படமும் நான்கு விளம்பரமும்தான் இருந்தன.

அவளுடைய தோழியைக் கூப்பிட்டு விசாரித்தேன். தினமும் காலையில் பஸ் வருவதற்குள் டீக்கடைப் பேப்பரை அந்தத் தோழி ஒருமுறை படித்துக் காட்டுவாளாம். ஒரே முறைதான். ஜெனிபர் அதைக் கேட்டபடி நிறுத்தத்தையே நாலு சுற்று சுற்றி வருவாளாம். பஸ் ஏறும்போது எல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல சிறப்பு ஆசிரியர் என்ன செய்திருப்பார்? பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு நாள் யோசித்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்கு மதியம் செல்வராணி ஏதோ சான்றிதழ் விஷயமாகப் பள்ளிக்கு வந்திருந்தாள். தலைமை ஆசிரியையின் அறையில் அவளும் இருந்தாள், இன்னும் இரண்டு ஆசிரியைகளும் இருந்தார்கள். கண்டுபிடித்துவிட்ட தெம்பில் நான் ஜெனிபரைக் கூப்பிட்டு, அதே பேப்பரில் வேறு ஒரு செய்தியைக் காட்டி, இதைக் கொஞ்சம் படி என்றேன். நம் பையில் எப்போதும் சோதனைத்தாள் இருக்கும், நம் வாயில் எப்போதும் 'இதைப் படி' இருக்கும். எங்கே கேட்கிறோம், யார் முன்னால் கேட்கிறோம் என்று பார்க்கும் வழக்கம் மட்டும் இருக்காது.

அவள் பேப்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதை வேறெதுவாகவோ சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் எங்களை எல்லாம் ஏமாற்றினாயா என்று ஒரு ஆசிரியை கேட்டார். ஜெனிபர் பேப்பரை அழகாக நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். ஓடவில்லை. ஓடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன், வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் அவள் வாயால் சொல்ல, ஒரு ஆசிரியர் எழுதுவார், கூடுதல் நேரமும் உண்டு. சான்றிதழ் இல்லாவிட்டால் அவள் கையில் வினாத்தாளைக் கொடுத்து எழுது என்பார்கள். அந்த வருடத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முகாம். இதையெல்லாம் செல்வராணியிடம் சொல்ல வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தாயும் மகளும் நடவில் இருந்தார்கள்.

வரப்பில் என்னைப் பார்த்ததும் செல்வராணி நாற்றைக் கீழே போட்டாள். அவள் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"மாத்திர குட்த்தா செரியா பூடும்னு சொன்னீங்க டீச்சர். குட்த்தேன். சோறு துன்னாம வாடிக்கினு கெடந்துச்சு, அப்பவும் நீங்க சொன்னீங்களேன்னு குட்த்தேன். இப்ப வந்து, இதுக்குப் படிக்கவே வராதுன்னு நாலு பேர் எதிர்ல சொல்றீங்க. அப்ப இத்தினி வருசமா இன்னாதான் பாத்துக்கினு இருந்தீங்க?"

நான் பார்க்கவில்லை செல்வராணி, பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு அதற்குமேல் என்னைத் திட்டத் தோன்றவில்லை போலிருக்கிறது. இனி இவளுக்குப் படிப்பு வேண்டாம், என்னோடு வேலைக்கு வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஜெனிபர் தலையைத் தூக்கவே இல்லை. மற்ற பெண்கள் ஒரு வரிசை வைப்பதற்குள் இவள் ஒன்றரை வைத்துக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். எல்லோர் முன்னாலும் உன்னைப் படிக்கச் சொன்னது தப்பு, என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவள் நாற்றை ஊன்றிக்கொண்டே பேசினாள்.

"தனியா கேட்டிருந்தீங்கன்னா நானே சொல்லிருப்பேன் டீச்சர்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் அந்தக் குழந்தையைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்டேன், டாக்டரிடம் கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு என்ன இருக்கிறது என்பதைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. தினமும் காலையில் எதற்கென்று தெரியாத ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வரப்பில் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்னேன். உனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, உன் கவனமும் உடம்பும் ஒரு இடத்தில் நிற்காது. இன்னொன்று, கண்ணால் பார்க்கிற எழுத்து உனக்குச் சத்தமாக மாறுவதற்கு மற்றவர்களைவிட ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் பார்த்தோம், இன்னொன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டுவிட்டது. அவள் சேற்றுக் கையோடு நின்று கேட்டாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"ரெண்டா? ஒண்ணு பத்தாதா டீச்சர்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இது மக்கு இல்லையா என்று என்னைக் கேட்டாள். பேப்பரை ஒரே முறை கேட்டு முழுசாக ஒப்பிக்கிறவளையா மக்கு என்கிறாய், உனக்கும் எனக்கும் வருமா அது என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையோ என்னவோ, நான் கேட்கவில்லை.

பள்ளிக்கும் முகாமுக்கும் வருவதாகவும், நிறுத்திய மாத்திரையை மறுபடி போட்டுக்கொள்வதாகவும் ஜெனிபர் ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை. எல்லோர் எதிரிலும் அவளைப் படிக்கச் சொல்லக்கூடாது. நான் வாக்குக் கொடுத்தேன்.

முகாம் அன்றைக்குக் காலை பஸ் நிறுத்தத்தில் செல்வராணி ஒரு கேள்வி கேட்டாள். மாத்திரையைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? இந்த மாதிரிக் குழந்தைகளிடம் வேலை பார்க்கப்போகிற நீங்கள் இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். மாத்திரை போட்டால் உட்காருவாள். இவளுக்குக் கவனத்தில் என்ன குறை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று மனநல டாக்டர் சொல்லிவிடலாம். போடாவிட்டால் உட்கார மாட்டாள். கவனம் இல்லாததால்தான் படிக்க வரவில்லை என்று படிப்புச் சோதனை செய்கிறவர் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு அடைபடும். எனக்கு அரை நிமிடம்தான் இருந்தது, பஸ் வந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கொடுப்பதுபோல் கொடு என்றேன். டாக்டரை நம்பவைப்பதற்காகக் குழந்தையின் மாத்திரையில் விளையாடக்கூடாது. அவள் இருக்கிற நிலையிலேயே அழைத்துப்போய், மீதியை வாயால் சொல்லிப் புரியவைப்பது நம் வேலை. இந்த முடிவில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஆனால் நம் கையில் இல்லாதது ஒன்று உண்டு, வரிசை. காலை ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை. எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மாத்திரையின் பிடி தளர்ந்து, ஜெனிபர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்திருந்தாள். இந்த முறை நான் இரண்டு சீட்டு எழுதியிருந்தேன். படிப்புச் சோதனை செய்யும் அம்மையாரிடம் தனி இடம் கேட்டேன். மேசையைச் சுவரோரம் திருப்பிக்கொண்டு அவர் தாளை எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெனிபர் இரண்டு முறை எழுந்துவிட்டாள், ஜன்னலைப் பார்த்தாள், பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். அந்த அம்மா நல்லவர்தான், அலுத்துப்போயிருந்தார். கவனமே இல்லாதபோது படிப்பைச் சோதிப்பதில் அர்த்தமில்லை, முதலில் அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

மனநல மேசைக்குப் போனேன். புது டாக்டர். பழைய அட்டையைப் புரட்டினார். மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது, ஐந்து வருடமும் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறதே என்றார். எழுதியது யார்? நான்தான். என் கையெழுத்தே என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. கவனத்தில் பிரச்சினை இல்லை, படிப்புதான் பிரச்சினை என்றால் அந்த மேசைக்குப் போங்கள் என்றார். போனேன். மறுபடி இங்கே அனுப்பினார்கள். மூன்று முறை எங்களைப் பந்தாடினார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. கண் டாக்டர் பையை மூடிவிட்டார்.

மூன்றாவது முறை போனபோது மனநல டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, இந்தத் தாளை எனக்கு முன்னால் இங்கேயே படிக்கட்டும், பார்க்கிறேன் என்றார். பின்னால் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் அவள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெனிபரின் கை என் புடவையைப் பிடித்தது.

இங்கே படிக்க மாட்டாள் டாக்டர் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். படிக்காவிட்டால் நான் எதை வைத்து எழுதுவது என்றார். அவர் எழுந்து போய்விட்டால் ஒரு வருடம் போயிற்று, வருடம் போனால் அவள் மறுபடி வயலுக்குப் போய்விடுவாள். படித்துவிடு கண்ணு, ஒரு நிமிடம்தானே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பக்கத்தில் அறிவியல் ஆய்வகம் காலியாக இருக்கிறது, நீங்கள் இருவரும் சேர்ந்து பத்து நிமிடம் அங்கே வந்து பாருங்கள், அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். இரண்டு மேசைக்கும் கேட்கிறாற்போல்தான் சொன்னேன். நேரமில்லை என்று அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அப்போது ஜெனிபர் என் புடவையை விட்டாள். நான் சொல்லட்டுமா டீச்சர் என்று கேட்டாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மேசைகளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, செய்தி வாசிக்கும் அதே குரலில், முப்பது பேரும் கேட்கச் சொன்னாள்.

"சார், காதால கேட்டா எனக்கு நிக்கும். கண்ணால பாத்தா எய்த்து நிக்காது. மாத்திர போட்டா ரவ நேரம் கம்முனு குந்திக்கினு இருப்பேன், அப்பவும் எய்த்து நிக்காது. ரெண்டுமே எனக்குத்தான் கீது. அவங்க ஒண்ணு எய்தட்டும், நீங்க ஒண்ணு எய்துங்க."

ஹால் அமைதியாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஒரு குழந்தை எங்கோ அழுதுகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். படிப்புச் சோதனை அம்மா தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஆய்வகத்துக்குப் போனோம். முதலில் அந்த அம்மா ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார். ஜெனிபர் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டாள். கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், பத்தியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக் கேட்டாள். பிறகு அதே பத்தியை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் நின்றுகொண்டே முயன்றாள். கதவு சாத்தியிருந்ததால் முயன்றாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை படிக்கிற அளவுக்கும் வரவில்லை. ஒருவர் ஒன்றைப் பார்த்தார், இன்னொருவர் இன்னொன்றைப் பார்த்தார், முதல் முறையாக ஒரே நேரத்தில் பார்த்தார்கள். முழுச் சோதனைக்கு அடுத்த வாரம் தனியாக நேரம் கொடுத்தார்கள். தேர்வில் நடுவே எழுந்து நிற்க அனுமதி வேண்டும் என்று மனநல டாக்டர் தானாகவே தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது மணி ஒன்றே முக்கால். என் முகாம் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தாமதமாக முடிந்தது.

அடுத்த வாரச் சோதனையில் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது பொறுமையான வேலை. இருபது நிமிடம் பாடம், ஐந்து நிமிடம் நடை. சொல்லிக்கொடுப்பதெல்லாம் காது வழியாக, வாசிப்புப் பயிற்சி தனியாக, சின்னச் சின்ன அளவில், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். தலைமை ஆசிரியை தன் அறையிலேயே அதற்கு இடம் கொடுத்தார். ஏமாற்றினாயா என்று கேட்ட ஆசிரியைதான் பாடங்களையெல்லாம் போனில் பேசிப் பதிவுசெய்து கொடுத்தார். அவரிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

நடுவில் ஜெனிபர் இரண்டு முறை என்னோடு சண்டை போட்டாள், ஒருமுறை புத்தகத்தைக் கிணற்றில் எறிந்தாள். வாசிப்பு இன்றைக்கும் அவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது. சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்து மூக்கறுபட்டது போதும்.

பத்தாம் வகுப்பில் தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள். ஆனால் ரிசல்ட் வந்த நாளைவிட எனக்கு முதல் பரீட்சை நாள்தான் பெரிது. பள்ளி கேட்டுக்கு வெளியே நானும் செல்வராணியும் நின்றிருந்தோம். செல்வராணி கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள், வாயில் நாஷ்டாகூட வைக்கவில்லை. ஜெனிபருக்குத் தனி அறை, வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு ஆசிரியை அவள் சொல்வதை எழுதுகிறவர். உட்கார்ந்திருக்கிறாளோ, எழுந்து ஓடிவிட்டாளோ, பாதியில் வாயை மூடிக்கொண்டாளோ என்று எங்கள் இருவருக்கும் உயிர் கையில் இல்லை.

மற்ற பிள்ளைகள் எல்லாம் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. செல்வராணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன ஆச்சு என்று கேட்கவே பயமாக இருந்தது, கேட்டேன்.

"போங்க டீச்சர். அந்த மிஸ்ஸுக்குக் கையே ஓடல. நான் கடகடன்னு சொல்லிக்கினே கீறேன், அவங்க இரும்மா இரும்மான்னு கைய ஒதறிக்கினு கீறாங்க. நாளைக்கு ரவ வேகமா எய்துறவங்களா அனுப்பச் சொல்லுங்க."